முதல் அறிவியல் புதினமும் சொந்தப் பதிப்பும்

தமிழில் அறிவியல் புதினம் எழுதத் துணியும் ஒருவருக்கு உண்மையான இடர் எழுதி முடித்த பிறகே தொடங்குகிறது. சிற்றிதழ் வாசகர் அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவார். பொழுதுபோக்கு நாடுபவரோ பாடநூல் போலிருக்கிறது என்று ஒதுக்குவார். இரு சாராரையும் கணக்கிட்டுப் பார்க்கும் பதிப்பாளர் மௌனமாகிவிடுவார். கடைசியில் எழுதியவரே கைப்பணம் போட்டு அச்சிடுகிறார். அவ்வாறு வெளிவரும் முதல் நூல்களைப் பற்றிச் சில கருத்துகளை இங்கே முன்வைக்க விரும்புகிறோம்.

சொந்தப் பதிப்பு என்றதும் முகஞ்சுளிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நம் இலக்கிய வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு சுளிக்க நியாயமில்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது, கையொப்பக்காரர்களை முன்கூட்டியே தேடிச் சேர்த்துத்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். இன்று ‘முன்வெளியீட்டுத் திட்டம்’ என்று நாம் புதிதாகச் சொல்வது அந்தக் கையொப்பத்தின் மறுபெயரே. ‘எழுத்து’ இதழை 1959இல் தொடங்கிய சி.சு.செல்லப்பா, தம் பிரசுர நூல்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகவும் கல்லூரி கல்லூரியாகவும் சென்று விற்றவர். மூன்று பாகங்கள் கொண்ட ‘சுதந்திர தாகம்’ புதினத்தையும் முதிர்ந்த வயதில் அவரே வெளியிட வேண்டியிருந்தது. அவர் மறைந்தது 1998இல். சாகித்திய அகாதெமி விருது அந்நாவலுக்குக் கிடைத்தது 2001இல். ஆகவே, பதிப்பாளர் இல்லை என்பது ஒரு படைப்பின் தரத்துக்கு எதிரான சான்றாகாது.

ஆனால் இந்த முன்னோடிகளைக் காட்டி நம்மை நாமே தேற்றிக்கொள்வதும் சரியன்று. உ.வே.சா.வும் செல்லப்பாவும் தாங்களே தேர்ந்த பதிப்பாசிரியர்கள். அச்சுப்பிழை பார்ப்பது முதல் பாடம் ஒப்பிடுவது வரை அவர்களுக்குக் கைவந்த தொழில். முதல் நூல் எழுதும் இளைஞருக்கு அந்தப் பயிற்சி இல்லை. அறிவியல் புதினத்திலோ மொழியை ஒருவரும் அறிவியலை ஒருவருமாகச் சரிபார்க்க இருவர் தேவைப்படுகிறார்கள்.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். அவர் பொறியாளர், அறிவியலைச் சரிபார்க்க வேறொருவர் தேவைப்படாதவர். அப்படியிருந்தும் அவருக்கு ஓர் ஆசிரியர் குழு, ஓவியர், வாரந்தோறும் காத்திருந்த வாசகர் கூட்டம் எல்லாம் வாய்த்தன. சொந்தமாகப் பதிப்பிப்பவர் இவை அத்தனையும் இல்லாமல், அவர் உருவாக்கிவைத்த எதிர்பார்ப்பை மட்டும் தலையில் சுமந்துகொண்டு வருகிறார்.

இது நமக்கு ஏட்டளவிலான சிக்கல் அன்று. நாம் வாழும் சேத்தியாத்தோப்பிலிருந்து பார்த்தால் அறிவியல் புதினத்துக்குச் செவ்வாய் வரை போக வேண்டியதில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பேரழுத்தத்தோடு நீர் நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தளம் நிலைக்கும். இன்னொரு பக்கம், வீராணத்து நீர் 2004 முதல் எங்கள் ஊர் வழியே வடக்குத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குக் குழாயில் போகிறது. 2023 ஜூலையில் அருகிலுள்ள வளையமாதேவியில், சுரங்கத்துக்கான வாய்க்கால் வெட்ட நின்ற நெற்பயிருக்குள்ளேயே இயந்திரங்கள் இறங்கியதைத் தமிழகமே பார்த்தது. நிலம், நீர், மின்சாரம் மூன்றும் மோதிக்கொள்ளும் இடம் இது. நூறு ஆண்டுக்குப் பின் இந்த மண் என்னவாகும் என்பதே ஒரு புதினத்துக்குரிய கேள்வி.

அப்படி ஒரு புதினத்தை எங்கள் பகுதி இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். இறைப்பான்கள் நின்றுபோன ஒரு காலத்தில் சுரங்கம் ஏரியாகிறது. அந்த ஏரி யாருக்கு என்பதுதான் கதை. மூன்று பதிப்பகங்களிலிருந்து பதில் வரவில்லை. நான்காவது பதிப்பகம் பணம் கேட்டது. பணம் கட்டினால் 500 படிகள் அச்சிட்டுத் தருவார்களாம். பிழைதிருத்தம் ஆசிரியரின் பொறுப்பாம். வீட்டு நகையை அடகுவைத்து அச்சிடலாமா என்று நம்மிடம் கேட்டார். இப்போது வேண்டாம் என்றோம். காரணங்களைச் சொல்ல வேண்டும்.

முதலில் கணக்கு. ஒரு பேச்சுக்கு, நூலின் விலை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளர் கழிவு 40 விழுக்காடு என்றால் கைக்கு வருவது 180. அச்சுச் செலவு படிக்கு 110 என்றால் மீதி 70. தூதஞ்சலுக்கு 40 போனால் 30. மொழி திருத்தியவருக்கும் அட்டை வரைந்தவருக்கும் சேர்த்து 15,000 ரூபாய் கொடுத்திருந்தால், அதை மீட்க மட்டும் 500 படிகள் விற்க வேண்டும். நூலக ஆணையை நம்பி அச்சிடுவது மழையை நம்பி மேட்டு நிலத்தில் நடவு செய்வது போன்றது. வந்தால் வரவு, கணக்கில் சேர்க்கக்கூடாது. புத்தகக் காட்சியிலும் ஒற்றை நூலோடு வருபவர் யாரோ ஒருவரின் கடையில் ஒரு மூலையை இரந்துதான் பெற வேண்டும்.

அடுத்து, சரிபார்ப்பு. அந்தக் கைப்பிரதியின் நடு அத்தியாயத்தில் சுரங்கம் ஒரே இரவில் நிரம்பிவிடுகிறது. நீரியல் தெரிந்த ஒருவர் படித்தால் அங்கேயே மூடிவைத்துவிடுவார். பல ஆண்டுகள் மெல்ல மெல்ல ஏறும் நீர், கதைக்கும் இன்னும் வலுவானது. மனிதர்கள் தயங்கவும் பேரம் பேசவும் காட்டிக்கொடுக்கவும் அது காலம் தருகிறது. கலைச்சொல் நிலையும் அவ்வாறே. ஒரே பொருள் ஓரிடத்தில் ‘நீர்த்தாங்கி’, வேறோரிடத்தில் ‘நிலத்தடிப் படுகை’, மற்றோரிடத்தில் ஆங்கிலச் சொல் என்று வந்தால் வாசகர் மூன்று பொருள்கள் என்றே எண்ணுவார். 500 படிகள் அச்சான பின் இவற்றைத் திருத்த வழியில்லை.

ஆகவே அச்சு கடைசியில் வரவேண்டும் என்பதே நம் கருத்து. ஆண்டி வெயர் என்ற அமெரிக்க மென்பொருளாளர் தம் செவ்வாய்க் கிரகப் புதினமான ‘தி மார்ஷியன்’ நூலை 2009 முதல் சொந்த இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டார். அறிவியல் தெரிந்த வாசகர்கள் பிழை சுட்டினார்கள். அவர் திருத்திக்கொண்டே வந்தார். 2011இல் கிண்டிலில் 99 சென்ட்டுக்குக் கிடைத்த அந்நூல் 2014இல் பெரிய பதிப்பகத்தின் நூலானது. 2015இல் திரைப்படமும் வந்தது. அந்த வெற்றி எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் அவர் பின்பற்றிய வரிசைமுறை எல்லோருக்கும் உதவும்: முதலில் வாசகர், பிறகு திருத்தம், கடைசியில் அச்சு.

அந்த வழி தமிழிலும் திறந்தே இருக்கிறது. கிண்டிலில் தமிழ் நூல்களைச் செலவின்றித் தாமே ஏற்றும் வசதி 2016 இறுதியிலிருந்து உண்டு. கேட்கும்போது மட்டும் சில படிகள் அச்சிடும் முறையும் பரவிவிட்டது. இருபது படிகள் அடித்து இருபது பேரிடம் கொடுத்துப் பார்க்கலாம். ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் கட்டணமின்றி ஆசிரியரே பெறலாம். அதற்காக எவருக்கும் பணம் தரத் தேவையில்லை. நூல் வெளிவந்ததும், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்குப் படி அனுப்பிவிட வேண்டும். விற்காமல் போனாலும் நூல் அங்கே பிழைத்திருக்கும்.

இனி நம் பங்கு. முதல் நூலாசிரியர் ஒருவர் கைப்பிரதியைக் கொடுத்தால் ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவர் அந்தச் சொல்லை நம்பி நகையை அடகுவைக்கிறார். நூல் வந்த பிறகு மதிப்புரையும் எழுதுவதில்லை. கல்லூரித் தமிழ்த்துறைகளுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. அடுத்த கட்டடத்திலேயே இயற்பியல் துறை இருக்கிறது. புவியியல் தெரிந்தவர் இருக்கிறார். ஒரு கைப்பிரதியை இரு துறைகளும் சேர்ந்து படித்துக் கருத்துச் சொல்வதற்கு அரசாணை ஒன்றும் தேவையில்லை. படைப்பைப் பாடத்திட்டத்தில் ஏறிய பின்தான் படிப்போம் என்று நாம் இருந்தால், அறிவியல் தமிழ் குறித்து எத்தனை கருத்தரங்கு நடத்தியும் பயனில்லை.

சுரங்கம் ஏரியாகும் அந்தப் புதினம் இப்போது நான்கு பேரின் கையில் இருக்கிறது. அவர்களுள் ஒருவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் தொழிலில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். அவர் குறித்துக் கொடுத்தவை மட்டும் ஒன்பது பக்கங்கள். புத்தகம் ஓராண்டு தாமதமாகும். நகை வீட்டிலேயே இருக்கிறது.