உட்கார்ந்தவர் பெயரா, உழைத்தவர் பெயரா?

பிரான்சு நாட்டுப் பழைய மேஜை நாற்காலிகளுக்குப் "பதினைந்தாம் லூயி பாணி", "பதினாறாம் லூயி பாணி" என்றுதான் உலகமெங்கும் பெயர். ஏலக்காரர்களும் அப்படித்தான் கூவுகிறார்கள். உளி பிடித்தவர் பெயர் இருக்க, உட்கார்ந்து எழுதியவர் பெயரைச் சூட்டுவது என்ன நியாயம்? (பதினாறாம் லூயிக்குப் பூட்டுச் செய்யும் பொழுதுபோக்கு உண்டு. அவருக்கு மட்டும் கொஞ்சம் சலுகை காட்டலாம்.)

வெர்சேல்ஸ் அரண்மனையில் இன்றும் உள்ள பதினைந்தாம் லூயியின் எழுதுமேஜையைப் பாருங்கள். சுருள்மூடி போட்டது. ஒரே சாவியை ஒரு திருப்புத் திருப்பினால் மூடி, டிராயர் எல்லாம் திறந்துகொள்ளும். சாவி ராஜாவிடம் இருக்கும். அப்படியானால் மைக்கூட்டில் மை ஊற்றுவது எப்படி? அதற்கென்று பக்கவாட்டில் சின்ன டிராயர் வைத்தார்கள். மூடியைத் திறக்காமலே ஊழியர் மை நிரப்பிவிட்டுப் போகலாம். உள்ளே இருக்கும் காகிதம் கண்ணில் படாது. கீழ்நிலை ஊழியரை நம்பாத வழக்கம் புதிதல்ல!

1760-ல் இந்த வேலையைத் தொடங்கியவர் ழான் பிரான்சுவா ஓபென். 1763-ல் அவர் காலமானார். தச்சர் சங்க விதிப்படி பட்டறையை அவர் மனைவி தொடர்ந்து நடத்தினார். அங்கே வேலை பார்த்த ரீசெனர் 1767-ல் அந்த அம்மையாரையே மணந்து, மறு ஆண்டு மேஸ்திரி பட்டமும் பெற்று, 1769-ல் மேஜையை முடித்துக் கொடுத்தார். ஒன்பது வருஷ வேலை. ஓபென், ரீசெனர் இருவருமே பாரிஸ்காரர்கள் அல்லர். ஜெர்மன் பிரதேசத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அக்காலத்துப் பாரிஸ் தச்சுப் பட்டறைகளில் இப்படி வந்தவர்கள் ஏராளம்.

மேஜையில் மரச்சில்லுகளைப் பதித்தே ரீசெனர் தம் பெயரையும் ஆண்டையும் எழுதியிருக்கிறார். தொடங்கிய ஓபென் பெயர் இல்லை. வெண்கல உருவங்களுக்கு மாதிரி செய்த டுப்ளெஸ்ஸி, அவற்றை வார்த்த எர்வியூ ஆகியோரும் அந்தக் கையெழுத்தில் இல்லை. ராஜாவின் பெயரைவிட இது மேல் என்றாலும், பாதி நியாயம்தான்.

தச்சர் சங்கத்தைப் பாராட்ட ஒரு காரணம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், மேஸ்திரிகள் தாங்கள் விற்கும் சாமானில் பெயர் முத்திரை அடிக்க வேண்டும் என்று விதித்தது. கண்ணில் படாத அடிப்பாகத்தில் அடித்த அந்த முத்திரையால்தான் பல தச்சர்களின் பெயர் இன்று தெரிகிறது. ஆனால் முத்திரை மேஸ்திரிக்கு மட்டுமே. இழைத்தவன், பசை காய்ச்சியவன் யாருக்கும் இல்லை. 1791-ல் சங்கங்கள் கலைக்கப்பட்டதும் இந்த விதியும் போயிற்று.

புரட்சிக்குப் பின் வெர்சேல்ஸ் சாமான்கள் 1793-94-ல் ஏலத்துக்கு வந்தபோது, ரீசெனர் தம் கையால் செய்தவற்றைத் தாமே காசு கொடுத்து வாங்கினார். திரும்ப விற்று லாபம் பார்க்க எண்ணினார். நாகரிகம் மாறிவிட்டதால் நடக்கவில்லை. 1806-ல் காலமானார்.

இன்று அதே பொருள்களுக்குக் கோடிக்கணக்கில் விலை. அந்த ஏலப் பட்டியல்களில் லூயி கீழ்வரிக்குப் போகட்டும். ஓபெனும் ரீசெனரும், பெயர் தெரிந்த மட்டில் வெண்கலம் வார்த்தவரும், மேல்வரிக்கு வரட்டும்.