பாடம் தெரிந்தவருக்குப் பயிற்சி எதற்கு?

அறிவியல் பட்டதாரி ஆசிரியருக்கு நீரைப் பற்றியும் ஆற்றலைப் பற்றியும் செய்முறைப் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிடையே ஏராளம். பாடம் தெரிந்தவர்தானே, பி.பி.டி. ஓட்டிக் காட்டினால் போதாதா, கையால் செய்து பார்ப்பதெல்லாம் பிள்ளைகளுக்கு என்பார்கள். பெற்றோர், அதிகாரிகள், ஏன், ஆசிரியர்களிலேயே பலர் இந்தக் கட்சிதான். வேறு ஊரில் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். சாயப்பட்டறைகளின் ஊரான திருப்பூரில் சொல்ல வாய் வரக்கூடாது.

பருத்தித் துணியில் சாயம் நன்றாக ஏற உப்பு வேண்டும். லிட்டருக்கு ஐம்பது, அறுபது கிராம் போடுவது சாதாரணம். அடர்ந்த நிறமென்றால் இன்னும் கூடும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்பு தங்காது; போட்டதெல்லாம் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் அழுக்கையும் பிடித்தன, உப்பை விட்டுவிட்டன. நிபுணர்களுக்கு இது தெரியாததல்ல. ஆனால் நிறம் போனால் தண்ணீர் சுத்தம் என்று ஊர் நம்பியது. ஊர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தொட்டியானது. அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில், ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் சொன்னது. அது நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. பனியன் கம்பெனிக்காரர்கள் துணியைச் சாயமேற்ற வெளியூருக்கு லாரியில் அனுப்பினார்கள்.

இத்தனைக்கும் பிறகும், ஒரு பயிற்சி அறையில் பட்டதாரி ஆசிரியர்களைக் கூட்டிவைத்து இதைக் கேட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, நான்கு சொட்டு இங்க். வாட்டர் ஃபில்டரில் போடும் கரித்தூளைக் கலக்கி வடிகட்டினால் டி.டி.எஸ். மீட்டரில் கரைந்த பொருளின் அளவு குறையுமா? குறையும் என்று எழும் கைகளை எண்ணுங்கள். பிறகு அவர்களே செய்து பார்க்கட்டும். நிறம் போயிருக்கும், மீட்டர் அசைந்திருக்காது. கரியைக் கழுவாமல் போட்டிருந்தால் அதிலுள்ள சாம்பலால் சற்று ஏறியும் இருக்கலாம். மீட்டர் விலை சில நூறு ரூபாய். கரைந்த பொருளை வடிகட்டிப் பிரிக்க முடியாது என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதியவர்தான், மீட்டரை உதறிவிட்டு மறுபடி முக்கிப் பார்ப்பார்.

ஆற்றல் பாடத்தின் கதை இன்னும் மோசம். நீர் ஆவியாவதன் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 2,260 கிலோஜூல் என்பது மனப்பாடம். அது மின்வாரியக் கணக்கில் எத்தனை யூனிட் என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும். இன்டக்ஷன் அடுப்பை மின்மீட்டரில் மாட்டி ஒரு லிட்டர் உப்புத் தண்ணீரை வற்றவிடுங்கள். சூடாக்கும் செலவும் சேர்ந்து, கணக்குப்படியே 0.7 யூனிட், அடுப்பில் வீணாவது தனி. ஆயிரம் லிட்டருக்கு 700 யூனிட்டுக்கு மேல்! கடல்நீரையே ஆர்.ஓ. முறையில் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட்தான் ஆகிறது. அதில் தண்ணீரை ஆவியாக்க வேண்டியதில்லை, அழுத்தம் கொடுத்தால் போதும். அதனால்தான் இப்போது சுத்திகரிப்பு நிலையத்தில் முதலில் ஆர்.ஓ. வைத்துப் பெரும்பகுதி நீரை மீட்கிறார்கள். மிஞ்சும் கெட்டி உப்புநீர் மட்டும் ஆவியாக்கும் கலன்களுக்குப் போகிறது. அங்கும் ஒரு கலனில் எழும் ஆவியே அடுத்த கலனைச் சூடாக்குகிறது. இந்தக் கணக்கைக் கையால் போட்டவருக்குத்தான் பட்டறைக்காரர்கள் செலவு கட்டாது என்று ஏன் அலறினார்கள் என்பது புரியும். அலறலில் எவ்வளவு நியாயம், எவ்வளவு நடிப்பு என்று பிரிக்கவும் தெரியும். நொய்யலைப் பற்றி வகுப்பில் உருக்கமாகப் பேச யாராலும் முடியும். எனக்கு அந்த உருக்கத்தின் மேல் பெரிய மரியாதை இல்லை.

செய்முறைக்குத்தான் வானவில் மன்றம் இருக்கிறதே என்பார்கள். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய நல்ல திட்டம். அரசுப் பள்ளிகளுக்குக் கருத்தாளர்கள் பொருட்களோடு வந்து சோதனை செய்கிறார்கள். ஆனால் அவர்கள் வந்து போய்விடுவார்கள். அப்பா சாயப்பட்டறையில் உப்பு மூட்டை தூக்குகிற பையனுக்குக் கேள்வி மறுநாள்தான் வரும். அப்போது வகுப்பில் நிற்பவர் ஆசிரியர். முந்தைய நாள் அவர் பின்வரிசையில் வேடிக்கை பார்த்திருந்தால், தேர்வுக்கு வராது, உட்கார் என்பதைத் தவிர என்ன சொல்வார்?

ஆசிரியர்களே செய்து பார்ப்பது நடக்காத காரியமல்ல. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972-ல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. மாணவர் செய்ய வேண்டிய சோதனைகளை விடுமுறைப் பயிற்சியில் முதலில் ஆசிரியர்களே செய்தார்கள். தேர்வில் புத்தகம் பார்த்து எழுதலாம். செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. திட்டம் நூற்றுக்கணக்கான கிராமப் பள்ளிகளுக்குப் பரவி முப்பது ஆண்டுகள் நடந்தது. 2002-ல் மாநில அரசு அதை மூடியது. அரசு மூடியதை வைத்து முறையே தோற்றது என்பவர்களுக்கு, அரசு மூடிய நல்ல காரியங்களின் பட்டியல் நீளமானது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கடைசியாக எப்போதும் வருகிற வாதம், நேரமில்லை என்பது. வருகைப் பதிவுக்கும், யாரோ தயாரித்த ஸ்லைடுகளை அப்படியே வாசிப்பதற்கும் நாள் முழுக்க நேரம் இருக்கிறது. ஒரு லிட்டர் உப்புத் தண்ணீர் இன்டக்ஷன் அடுப்பில் வற்ற அரை மணி நேரம், கூடிப்போனால் முக்கால் மணி. தேநீர் இடைவேளைக்கு முன் வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது பாத்திரத்தில் உப்பு படிந்திருக்கும். அடுப்பை அணைக்க ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்தால் சரி.