பயான் மேடையும் கல்லின் சான்றும்

கண்டங்கள் நகர்வதை அந்நம்ல் அத்தியாயத்தின் 88-ஆம் வசனம் முன்பே அறிவித்துவிட்டது என்று பயான்களில் முழங்குகிறார்கள். நமது கோபிசெட்டிபாளையத்திலும் கேட்கிறோம். உடனே தக்பீரும் எழுகிறது. அதற்கு முந்தைய வசனமோ ஸூர் ஊதப்படும் நாளைப் பேசுகிறது. முஃபஸ்ஸிர்களில் பெரும்பாலோர் இதனை மறுமையின் காட்சியாகவே விளக்கினர். அதை மக்களிடம் மறைப்பது அமானிதமா?

கண்டங்கள் பிரிந்ததற்கான சான்று கல்லில் இருக்கிறது. லிஸ்ட்ரோசாரஸ் என்பது ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, பன்றியளவான நிலவாழ் விலங்கு. அதன் எலும்புகள் வங்காளத்து ராணிகஞ்ச் பகுதியிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிடைத்தன. 1969-இல் அண்டார்க்டிகாவிலும் கிடைத்தன. பெருங்கடலை நீந்திக் கடக்கும் உடலன்று அது. குளோசோப்டெரிஸ் மரத்தின் இலைப்பதிவுகளும் இம்மூன்று நிலங்களிலும் உள்ளன. 1912-இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் உயிர்நீத்த ஸ்காட் குழுவினர், இறுதிவரை கைவிடாது இழுத்து வந்த கற்களிலும் அவ்விலை இருந்தது! அதே ஆண்டில் வெகனர் கண்ட நகர்வை முன்வைத்தார். கடலடித்தரை ஆய்வுகள் வந்த 1960-களில்தான் அறிஞர் பெரும்பாலோர் ஏற்றனர்.

அரை நூற்றாண்டு வாதத்தில் விளைந்த முடிவை நாம் ஒரே மூச்சில் இறைவசனத்தோடு முடிச்சிடுகிறோம். நாளை அதில் திருத்தம் வந்தால் நம் பிள்ளைகள் எதனைச் சந்தேகிப்பார்கள்?

அல்பிரூனீ, இந்தியச் சமவெளியைத் தோண்டினால் கிடைக்கும் உருண்ட கற்களை ஆராய்ந்து, அது முன்பு கடலாயிருந்து வண்டலால் தூர்ந்தது என்றெழுதினார். அவர் கல்லைக்கொண்டே வாதிட்டார். அடுத்த ஜும்ஆவில் இதைப் பேச விரும்பும் சகோதரர்கள், தம் பிள்ளைகளின் அறிவியல் பாடநூலையும் ஒரு தஃப்ஸீரையும் முதலில் திறக்கட்டும்.