புதுச் சாணைக்கல்லும் தட்டையல்ல

“புதுக் கல் சார், தட்டையாத்தான் இருக்கும். எண்ணெய் விட்டு அப்படியே தீட்டுங்க.” ஆதம்பாக்கம் ஹார்டுவேர் கடையில் சாணைக்கல் வாங்கியபோது எனக்குக் கிடைத்த அறிவுரை இது. நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் உளியும் இழைப்புளியும் வைத்திருப்பவர் இதை நம்பிவிடக் கூடாது.

கார்போரண்டம் என்ற கடினமான தூளைப் பிணைப்புப் பொருளோடு சேர்த்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டுத்தான் இந்தக் கல்லைச் செய்கிறார்கள். செங்கல்லைப் போல, சுடும்போது இதுவும் சற்றே நெளியலாம். சோதிக்க ஒரு பென்சில் போதும். கல்லின் மேல் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 120 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து விரித்து, அதில் கல்லை நாலு இழுப்பு இழுங்கள். நடுவில் கோடு அழியாமல் நின்றால் நடு குழி. ஓரங்களில் நின்றால் நடு மேடு. எல்லாக் கோடும் அழியும்வரை தேயுங்கள்.

“இரும்பைவிடக் கடினமான கல் தேயுமா?” என்பார்கள். தேயும். 1891இல் அமெரிக்காவில் அச்சிசன் கண்டறிந்த கார்போரண்டம் எஃகைவிடக் கடினம்தான். ஆனால் மழுங்கிய துகளைப் பிணைப்பு விட்டுவிட, புதுத் துகள் மேலே வருகிறது. அப்படி உதிர்வதால்தான் கல் வெட்டுகிறது. நடுவிலேயே தீட்டுகிறோம், நடுவே முதலில் பள்ளமாகிறது. அந்தப் பள்ளத்தில் தேய்த்த உளியின் முதுகு உருண்டுவிடும்.

அதிகம் கெடுப்பது இன்னொரு பேச்சு: “ரெண்டு கல்லை ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சா ரெண்டும் சமமாயிடும்.” ஆட்டுக்கல்லைப் பாருங்கள். குழியும் குழவியும் எத்தனை வருஷம் உரசினாலும் பொருந்திக்கொண்டே இருக்கின்றன, தட்டையாவதில்லை. பள்ளமும் மேடும் நல்ல ஜோடி. அந்த ஜோடியைக் கலைக்க மூன்றாவது கல் வேண்டும். ஒன்றை இரண்டோடு, இரண்டை மூன்றோடு, மூன்றை ஒன்றோடு எனத் திசை மாற்றி மாற்றித் தேய்த்தால், பள்ளம் பள்ளத்தையும் மேடு மேட்டையும் சந்தித்தே தீரும். மூன்றும் எப்படி வைத்தாலும் பொருந்துகிற நிலை தட்டை ஒன்றுதான். இரும்புத் தகடுகளுக்கு இந்த மூன்றின் கணக்கை ஜோசப் விட்வொர்த் 1840இல் கிளாஸ்கோவில் விளக்கினார்.

வெண்டைக்காய் நறுக்கும் கத்திக்கு இவ்வளவு தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

எண்ணெய் விஷயத்திலும் கவனம் வேண்டும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுக்காகி, இரும்புத் தூளோடு சேர்ந்து கல்லின் கண்களை அடைத்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் அல்லது தண்ணீர், இரண்டில் ஒன்றை முதல் நாளே முடிவுசெய்யுங்கள். எண்ணெய் குடித்த கல் அப்புறம் தண்ணீரை ஏற்காது.