நிழலின் அழகுக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்?



கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் இன்று ஒரு கோரிக்கை எழுகிறது. "என் கம்ப்யூட்டரில் ரே டிரேசிங் ஓடவில்லை, புதிய கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும்" என்று மகன் கேட்கிறான். விலையைக் கேட்ட தந்தை திகைக்கிறார். மகன் கேட்பது என்னவென்று அவருக்கு விளங்குவதில்லை. அவர் ஏன் தயங்குகிறார் என்று மகனுக்கும் புரிவதில்லை. வீடியோ கேம் ஆடலாமா, எவ்வளவு நேரம் ஆடலாம் என்பது தனி விவாதம். இந்த ஒரு செலவு தகுமா என்பதை மட்டும் இங்கே சிந்திப்போம்.

கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் நாம் காண்கிறோம் என்று பண்டைய கிரேக்க அறிஞர் பலர் கருதினர். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே பார்வை நிகழ்கிறது என்று 11ஆம் நூற்றாண்டில் தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் விளக்கியவர், பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம். அந்த ஒளிப் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரையும் முறையே ரே டிரேசிங். விளக்கிலிருந்து புறப்படும் கதிர்களில் மிகச் சிலவே கண்ணை வந்தடைகின்றன. ஆதலால் கம்ப்யூட்டர் அப்பாதையைத் தலைகீழாக, பார்ப்பவரின் இடத்திலிருந்து விளக்கை நோக்கித் தேடிச் செல்கிறது. கண்ணாடியின் பிரதிபலிப்பையும் ஒளிவிலகலையும் இம்முறையில் வரையும் வழியை 1980இல் டர்னர் விட்டட் வெளியிட்டார்.

திரைப்படத்தில் ஒரு பிரேமை வரைய மணிக்கணக்கில் காத்திருக்கலாம். கேமில் நொடிக்கு 60 பிரேம்கள் வேண்டுமெனில், ஒரு பிரேமுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லி நொடி மட்டுமே. 1920க்கு 1080 என்ற சாதாரணத் திரையிலேயே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. எனவே கேம் செய்வோர் குறுக்குவழிகளைக் கையாண்டனர். ஒளியை முன்கூட்டியே கணக்கிட்டுச் சுவரின் மீது பதித்து வைத்தனர். திரையில் தெரிவதை மட்டும் கவிழ்த்து, நீரில் பிரதிபலிப்பாகக் காட்டினர். அதனால்தான் பார்வையைச் சற்றுக் கீழே தாழ்த்தியதும், குளத்தில் தெரிந்த மாளிகை சட்டென மறைந்துவிடும்.

2018இல் என்விடியா, கதிர்களைக் கணக்கிடுவதற்கென்றே தனிப் பகுதி கொண்ட ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக் கார்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவற்றிலும் இவ்வசதி இடம்பெற்றது. இதன் அழகை மறுப்பதற்கில்லை. 'கன்ட்ரோல்' கேமின் கண்ணாடிச் சுவர்களிலும், 'மெட்ரோ எக்ஸோடஸ்' கேமில் சன்னல் வழியே இருண்ட அறைக்குள் பரவும் வெளிச்சத்திலும் வேறுபாடு கண்கூடாகத் தெரிகிறது. வெறும் கட்டங்களால் ஆன 'மைன்கிராஃப்ட்' உலகமும் இதனால் புதுப்பொலிவு பெறுகிறது.

ஆனால் விலை? 2018இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ 1,199 டாலர். 2025இல் வெளிவந்தபோது ஆர்டிஎக்ஸ் 5090 அமெரிக்காவிலேயே 1,999 டாலராக இருந்தது. அதன் மின்தேவை 575 வாட் வரை. முழுத் திறனில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் இயங்கினால், அந்தக் கார்டுக்கு மட்டும் மாதம் 50 யூனிட்டுக்கு மேல் செலவாகும். இவ்வளவு கொடுத்தும் கிடைப்பது முழு உண்மையன்று. 'சைபர்பங்க் 2077' கேமில் 2023இல் வந்த முழுக் கதிர்க் கணக்கீட்டை, 4கே அளவில் துணை உத்திகள் இன்றி ஓட்டியபோது, அன்றைய உச்சக் கார்டான ஆர்டிஎக்ஸ் 4090கூட நொடிக்கு 30 பிரேம்களை எட்டவில்லை. ஆகவே குறைந்த அளவில் வரைந்து, எஞ்சிய புள்ளிகளைச் செயற்கை நுண்ணறிவால் ஊகித்து நிரப்புகின்றனர். அண்மைய கார்டுகளில் நான்கு பிரேம்களில் மூன்றை ஊகத்தாலேயே உருவாக்கவும் முடிகிறது. ஒளியை உள்ளபடி கணக்கிடப் புறப்பட்டவர்கள், படத்தின் பெரும்பகுதியை ஊகத்திடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

மகனின் கோரிக்கையில் நியாயமே இல்லையா? உண்டு. 2024இல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்', 2025இல் வந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்' ஆகியவை ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டில் ஓடுவதற்கென உருவாக்கப்படவில்லை. ஒளியை முன்கூட்டிப் பதித்து வைக்கும் நீண்ட உழைப்பு இதனால் மிச்சமாவதால், கேம் செய்வோர் இவ்வழியை நாடுவது இயல்பே. ஆனால் இவ்விரண்டுக்கும் குறைந்தபட்சமாகக் கேட்கப்படுவது, 2019இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் போன்ற கார்டுதான். இவ்வசதி தேவை என்பது ஒன்று; உச்ச விலைக் கார்டு தேவை என்பது வேறு. விளம்பரங்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் காட்டுகின்றன.

எனவே எமது கருத்து இதுவே. இருக்கும் கார்டு பிள்ளை ஆடும் கேம்களைத் தடையின்றி ஓட்டுமானால், இந்த ஒரு வசதிக்காக அதை மாற்றுவது வீண் விரயம். 'வேலரன்ட்' போன்ற போட்டி கேம்களை ஆடுவோர் காட்சி அலங்காரத்தைக் குறைத்து, வேகத்தையே நாடுகின்றனர் என்பதையும் கருதுக. கார்டு பழுதாகி மாற்ற நேர்ந்தால் நடுத்தர விலையில் வாங்குங்கள். இன்று அவற்றிலும் இவ்வசதி உண்டு. வாங்குமுன் நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரில் இதனை இயக்கியும் நிறுத்தியும் ஆடிப் பாருங்கள். நிலைப்படத்தில் பெரிதாகத் தோன்றும் வேறுபாடு, ஓடி ஆடும்போது எவ்வளவு கண்ணில் படுகிறது என்பதே உண்மையான அளவுகோல்.

பெற்றோருக்கும் ஒரு சொல். "வெறும் பொம்மைக்கா இவ்வளவு பணம்?" என்று மட்டும் கூறிக் கதவை அடைத்துவிடாதீர்கள். ஒளி எவ்வாறு திரும்புகிறது, நிழல் ஏன் ஓரத்தில் மங்குகிறது என்று கேட்கும் ஆர்வம் அப்பிள்ளையிடம் இருக்கக்கூடும். ரே டிரேசிங் நிரலைத் தாமே எழுதக் கற்றுத்தரும் பீட்டர் ஷர்லியின் 'ரே டிரேசிங் இன் ஒன் வீக்கெண்ட்' நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்குச் சாதாரண மடிக்கணினியே போதும். படம் மெதுவாக வரும், அவ்வளவே. கார்டு வாங்குவதைப் பற்றிப் பேசுமுன், அந்நூலை மகனிடம் கொடுத்துப் பாருங்கள்.