விளக்குக்காரத் தம்பிக்கும் ஓர் ஒத்திகை வேண்டும்

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலக நண்பர்கள் சேர்ந்து போட்ட நாடகத்துக்கு வந்திருந்தவர்களுக்குக் கடைசிக் காட்சி நினைவிருக்கும். கரண்ட் போய்விட்டது என்று சிலர் நினைத்தார்கள். நாடகமே அப்படித்தான் முடிகிறது என்று கை தட்டியவர்களும் உண்டு. இரண்டும் இல்லை.

காட்சி இதுதான். பெரியவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து மகனின் கடிதத்தைப் படிக்கிறார். மேடை முழுக்க இருட்டு. நாற்காலிக்கு மேல் ஒரே ஒரு விளக்கு, அதுவும் மங்கலாக. பெரியவராக நடித்தவர் என் நண்பர், வயது 78. நான்கு மாதம் பாடம் பண்ணினார். அந்த விளக்கு மெல்ல ஏறவேண்டிய நேரத்தில், அது ஒன்றைத் தவிர மற்ற 11 விளக்குகளும் ஊதாவும் சிவப்புமாக ஒரேயடியாக எரிந்தன. அடுத்த விநாடி கும்மிருட்டு. நண்பர் பாதி வசனத்தோடு நின்றுவிட்டார். யாரோ திரையை இழுத்துவிட்டார்கள்.

"கண்ணு ரெண்டும் கூசிப்போச்சுப்பா. அப்புறம் ஒண்ணுமே ஞாபகம் வரல" என்றார், மேக்கப்பைத் துடைத்துக்கொண்டே. இனி மேடை ஏறப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

எல்லோரும் லைட் போட்ட பையனைத் திட்டினார்கள். வாடகையில் பாதியைப் பிடித்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். நான் அந்தத் தம்பி சாமான்களை வண்டியில் ஏற்றும்வரை கூடவே நின்று, என்ன ஆயிற்று என்று கேட்டேன். கேட்ட பிறகு எனக்குக் கோபம் எங்கள்மேல்தான் வந்தது.

அவன் கொண்டுவந்த லைட் போர்டு ஒரு ஹார்மோனியப் பெட்டியைவிடச் சிறியது. இடது பக்கம் 12 பொத்தான்கள், ஒவ்வொன்றும் ஒரு விளக்குக்கு. பக்கத்தில் மேலும் கீழும் தள்ளுகிற ஃபேடர்கள் 8. முதல் ஃபேடர் வெளிச்சத்தின் அளவு, அடுத்தவை சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்குக்குத் தகுந்தபடி இருக்கும். முதலில் பொத்தானை அழுத்தி விளக்கைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பிறகு ஃபேடரைத் தள்ளி அளவு வைக்கவேண்டும். அழுத்திய பொத்தானருகே சின்னதாக ஒரு விளக்கு எரியும். இன்னொரு தடவை அழுத்தினால்தான் அது அணைந்து, தேர்வு நீங்கும்.

முந்தைய காட்சி திருவிழா. அதற்காக 12 பொத்தான்களையும் அழுத்தி வண்ணம் வைத்திருக்கிறான். காட்சி முடிந்ததும் வெளிச்சத்தை இறக்கினானே தவிர, தேர்வை நீக்கவில்லை. நாற்காலி விளக்கு 5ஆம் எண். அவசரத்தில் 5ஐ அழுத்தினான். ஏற்கெனவே தேர்வில் இருந்ததல்லவா, அது மட்டும் விலகிவிட்டது. ஃபேடரைத் தள்ளியதும் மற்ற பதினொன்றும் ஏறின. பதறிப்போய் பிளாக்‌அவுட் பொத்தானை அமுக்கிவிட்டான்.

அரசாங்கக் கணக்கில் வேலை பார்த்த எனக்கு இது புதிதே இல்லை. தொகை சரி, கணக்குத் தலைப்பு தவறு. எத்தனை பில்களை இப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், எத்தனை என்னிடம் திரும்பி வந்திருக்கின்றன! ஆனால் எங்களுக்குச் சரிபார்க்க மறுநாள் இருந்தது.

அவனுக்கு என்ன இருந்தது? மாலை 4 மணிக்கு வந்தான். ஏணி வைத்துக் கட்டி முடிக்கவே 6 ஆகிவிட்டது. அதற்குள் மேடையில் பூச்செண்டு, குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர்கள். நாடகத்தை அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "அந்த போர்டுல 240 சீன் ஸ்டோர் பண்ணலாம் சார். முன்னாடியே பண்ணி வெச்சிருந்தா ஒரு பட்டன்தான். எனக்கு யாரும் கதையே சொல்லல" என்றான். ஆர்மோனியக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் ஒத்திகை உண்டு. நடிகர்களின் முகத்தையே கையில் வைத்திருக்கிறவனுக்குக் கிடையாது. இது என்ன நியாயம்?

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் ஆண்டு விழாவுக்கு மொலியேர் நாடகங்களிலிருந்து காட்சிகள் போடுவோம். எங்கள் முசே, விளக்குப் பலகையை 'ழெ தோர்க்' என்பார். தேவாலயத்து ஆர்கன் வாத்தியத்தின் பெயரால் வந்த சொல். கியாஸ் விளக்குக் காலத்தில் குழாய்களையும் திருகுகளையும் ஓரிடத்தில் வரிசையாக அடுக்கியிருந்தது ஆர்கன் போலவே இருந்ததாம். எங்களிடம் இருந்தது மூன்றே கைப்பிடி. ஒரு பிடிக்கு ஒரு விளக்கு, தேர்ந்தெடுக்கிற வேலையே இல்லை. அதற்காக அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்லமாட்டேன். ரெசிஸ்டான்ஸ் டிம்மர் அடுப்பாகக் கொதிக்கும். 1000 வாட்டுக்குச் சுற்றிய டிம்மரில் 500 வாட் பல்பைப் போட்டால் முழுசாக அணையவும் அணையாது. பிற்பாடு உப்புத் தண்ணீரில் கம்பியை இறக்கி வெளிச்சத்தைக் குறைத்த குழுக்களையும் பார்த்திருக்கிறேன். உயிரோடு வீடு திரும்பியது அவர்கள் புண்ணியம்.

முசே கற்றுத்தந்ததில் ஒன்றை இன்றும் விடவில்லை. மேடையில் 'இடது, வலது' என்று கத்தக்கூடாது. நடிகனுக்கு இடது, பார்ப்பவனுக்கு வலது. பிரெஞ்சுக்காரர்கள் 'கூர்', 'ழர்தேன்' என்பார்கள், அதாவது முற்றம், தோட்டம். பாரீஸில் துய்லெரி அரண்மனை அரங்கின் ஒரு பக்கம் முற்றமும் மறுபக்கம் தோட்டமும் இருந்ததால் வந்த வழக்கம். பார்வையாளருக்கு இடப்பக்கம் தோட்டம், வலப்பக்கம் முற்றம். அன்று எங்கள் ஆட்கள் நான்கு பேர் நான்கு பக்கமிருந்து "லெஃப்ட் லைட்ட போடுப்பா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பாவம், யாருடைய லெஃப்ட்? தோட்டம், முற்றம் வேண்டாமென்றால் ஒரு பக்கம் கோயில், மறுபக்கம் கடல் என்றாவது பேசிவைத்துக்கொள்ளலாம். விளக்குகளுக்கு எண் போட்டு, எந்த எண் எங்கே விழுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டலாம். கால் மணி நேர வேலை.

அளவு வைப்பது இன்னும் நிதானமான காரியம். காலி நாற்காலிக்கு அளவு வைக்கமுடியாது. ஆள் உட்காரவேண்டும், முகத்தில் பவுடரும் கையில் கடிதமும் இருக்கவேண்டும். இன்னொருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முகம் தெரிகிறதா என்று சொல்லவேண்டும். அது எங்களைப் போலக் கண்புரை எட்டிப்பார்க்கிற ஆளாக இருந்தால் நல்லது. நெற்றிக்கு எதிரே அடிக்கிற வெளிச்சம் இளைஞருக்கு அழகாகத் தெரியும், நமக்கு எல்லாம் கலங்கிப்போகும். இந்த எல்.இ.டி. விளக்குகளுக்கு வேறொரு குணமும் உண்டு. பழைய பல்பு இறங்கும்போது மஞ்சளாகி, சிவந்து, அந்திபோல அணையும். இது நிறம் மாறாமலே இறங்கும், மலிவான சரக்காக இருந்தால் அடிமட்டத்தில் 'சடக்'கென்று போய்விடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றை மட்டும் கலந்து செய்கிற வெள்ளையில் நம் மாநிறம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். ஃபேடரைப் பாதிக்குத் தள்ளினால் கண்ணுக்குப் பாதி வெளிச்சமாகத் தோன்றுவதும் இல்லை, அதைவிடக் கூடுதலாகவே தெரியும். இவற்றையெல்லாம் மேடையில் ஆளை வைத்துப் பார்த்தால்தான் சரிசெய்யமுடியும்.

மறுபடி அதே நாடகத்தைப் போடுவதாகப் பேச்சு இருக்கிறது. முதல் நாளே விளக்குகளைக் கட்டி, லைட் போடுகிற தம்பியோடு ஒரு முழு ஒத்திகை வேண்டும் என்று குழுவில் சொன்னேன். ஒருநாள் வாடகை கூடுதலாகுமே என்று பொருளாளர் இழுத்தார். சென்ற முறை எத்தனை பேருக்குப் பொன்னாடை போர்த்தினோம் என்று கணக்கு நோட்டைத் திறந்து காட்டினேன். 14 பேர். அதில் பாதி பேர் நாடகம் தொடங்குமுன் கிளம்பிவிட்டார்கள். பொருளாளர் நோட்டை மூடிவிட்டு, சரி என்றார்.

நண்பர் வீட்டுக்கும் போனேன். நீங்கள் நடிக்கவேண்டாம், அளவு வைப்பதற்கு நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும் என்றேன். வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. என்றைக்கு என்று மட்டும் கேட்டார். புதன்கிழமை என்று சொல்லியிருக்கிறேன்.