பயணப் பக்கம்: லோனாவாலாவில் இரண்டு நாள்

இப்பக்கத்திற்குப் பயணக் குறிப்புகள் எழுதி அனுப்பும் குடும்பத்தார் ஒருவரையொருவர் எழுத்தால் அறிவார்களேயன்றி முகத்தால் அறியார். தாராவியிலிருந்து ஓர் அன்பர் கன்னியாகுமரியைப் பற்றி எழுதினால், அடுத்த திங்களே புனேயை அடுத்த கட்கியிலிருந்து ஓர் அம்மையார், “அவர் தங்கிய விடுதிக்கு எதிர்வீட்டில்தான் நாங்கள் தங்கினோம்” என்று எழுதுகிறார். அதே இருவர் தாதர் நிலையத்தில் எதிரெதிரே வந்தால் தோளில் இடித்துக்கொண்டு விலகிப் போவார்கள். ஒரு வார இறுதியில் எல்லோரும் ஓரிடத்தில் கூடினால் என்ன என்று கேட்டுக் கடிதங்கள் வந்த வண்ணம் இருந்தன. சங்கச் செயற்குழுவும் இசைந்து, திட்டம் வகுக்கும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்துவிட்டது. ரயில்வேயில் எழுத்தராக இருப்பவருக்கு வண்டி நேரம் தெரியாமற் போகாது என்று எண்ணினார்கள் போலும். வண்டி நேரத்தை அட்டவணை சொல்லிவிடும். இத்தனை குடும்பங்களின் ஓய்வு நேரத்தைச் சொல்லும் அட்டவணை எங்கும் அச்சாகவில்லை.

வந்த யோசனைகள் பல. நீச்சல் குளமுள்ள உல்லாச விடுதி ஒன்றை இரண்டு நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம், தலைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும் என்றனர் சிலர். மழைக்காலத்தில் அருவி பார்க்கப் போகலாம் என்றனர் வேறு சிலர். பெரிய பேருந்து பிடித்து மகாபலேசுவரம் வரை போய்வரலாம் என்றும் ஒருவர் எழுதினார். இவற்றிற்கு நடுவே மூன்றே வரியில் ஒரு கடிதம் வந்தது. “கடைக்கு ஞாயிறு ஒருநாள்தான் விடுமுறை. வீட்டில் ஐந்து பேர். செலவு அதிகமானால் எங்களை எண்ண வேண்டாம், குறிப்பு மட்டும் தவறாமல் அனுப்புவோம்.” எழுதியவர் தையற்கடையில் வேலை செய்பவர். முன்பதிவில்லாப் பெட்டியில் குடும்பத்தோடு ஏறி இறங்கிய ஊர்களைப் பற்றி அவர் எழுதியவைதாம் இப்பக்கத்தில் பலரும் விரும்பிப் படித்தவை. அவர் வராத இடத்தில் மற்றவர்கள் கூடி அவர் எழுத்தைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருப்பது அழகாயிராது. ஆகவே அந்த மூன்று வரியைக் கையில் வைத்துக்கொண்டுதான் மற்ற யோசனைகளைப் பார்த்தோம். ஞாயிறு மட்டும் வரக்கூடியவர், ஐந்து பேருக்கும் கணக்குப் பார்த்துச் செலவிடுபவர், முழங்கால் வலியுள்ள பெரியவர் ஆகிய இம்மூவரும் வரமுடியுமானால் ஏனையோர் எப்படியும் வந்து விடுவார்கள்.

முதலில் இடம். மாத்தேரான் நல்ல ஊர்தான். மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லாத மலை; நேரலிலிருந்து 1907-இல் போட்ட குறுகிய பாதை ரயில் வேறு. ஆனால் அச்சிறு வண்டியில் இருக்கைகள் சில. நம் கூட்டமோ பெரிது. புனே அன்பர்களுக்கும் அது சுற்றுவழி. லோனாவாலாவோ மும்பை சத்ரபதி சிவாஜி முனையத்திலிருந்து 128 கிலோமீட்டர், புனேயிலிருந்து 64. மும்பையார்க்கு இரட்டிப்புத் தூரமாயிற்றே என்று கேட்கலாம். மும்பைக் கிளையில் ஆட்கள் மிகுதி, புனேயில் சிலர். சிலராயிருப்பவர்களைப் பலரிருக்கும் இடத்திற்கே எப்போதும் அழைத்துக்கொண்டிருந்தால் ஒருநாள் அவர்கள் வராமலே நின்றுவிடுவர். அன்றியும், புனேயிலிருந்து லோனாவாலா வரை லோக்கல் வண்டி ஓடுகிறது; கட்கி, பிம்ப்ரி, சிஞ்ச்வட், தேஹு ரோடு என்று நம்மவர் குடியிருக்கும் இடங்களிலெல்லாம் நிற்கிறது. குறைந்த செலவில் போய்வர இதைவிட வேறு வழியில்லை.

அடுத்தது பருவம். லோனாவாலா என்றதும் மழையும் மூடுபனியும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் மழைக்காலம் வேண்டா என்பதில் நாம் உறுதியாய் இருக்கிறோம். 2024 ஜூன் 30 ஞாயிறன்று பூஷி அணைக்குப் பின்னுள்ள அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவரை அடித்துச் சென்றது. 2025 ஜூன் 15, அதுவும் ஞாயிறே, தளேகாவை அடுத்த குண்ட்மளாவில் இந்திராயணி ஆற்றின்மீது இருந்த பழைய இரும்புப் பாலம் கூட்டத்தோடு இடிந்து விழுந்து நால்வர் மாண்டனர். இரண்டு இடத்திலும் போனவர்கள் நம்மைப்போல் விடுமுறைக்குப் போன குடும்பத்தார்தாம். மலையின் மேற்புறம் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. கணுக்கால் அளவு நீர் சில நிமிடங்களில் ஆளைப் புரட்டும். பிள்ளைகள் பலரோடு போகும் கூட்டத்தில் யார் எங்கே நிற்கிறார் என்று எவர் பார்ப்பது? அருவி இல்லாத லோனாவாலா என்ன லோனாவாலா என்று கேட்பவர்கள் தங்கள் பொறுப்பில் வேறொரு நாள் போய்வரட்டும்.

ஆகவே டிசம்பர் இரண்டாம் சனி, ஞாயிறு என்று குறித்திருக்கிறோம். மழை நின்று காற்று குளிர்ந்திருக்கும். 2015 செப்டம்பர் முதல் வங்கிகளுக்கு இரண்டாம் சனி விடுமுறையாதலால் வங்கியில் பணிபுரிவோருக்கு இடர் இல்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பொதுத்தேர்வு இன்னும் நெருங்கியிராது. சபரிமலைக்கு மாலை அணிந்தவர்கள் சிலர் இருப்பார்கள். அதை முன்னிட்டு இரண்டு நாளும் பொதுச் சாப்பாடு சைவம். மீன் இல்லாமல் ஞாயிறா என்று சில வீடுகளில் முணுமுணுப்பு எழும் என்பதை அறிவோம். ஒரு ஞாயிறுதானே!

இனி வண்டி. இவ்விடத்தில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்; நம்மால் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுவே.

மும்பைப் புறநகர் வண்டி கர்ஜத்தோடு நின்றுவிடும். மலையேறி லோனாவாலா போவன விரைவு வண்டிகள் மட்டுமே. ஆகவே புறநகர் மாதச் சீட்டு வைத்திருப்போர் அதைக் காட்டி லோனாவாலா சென்றுவிடலாம் என்று நம்பியிருக்க வேண்டா. மாட்டுங்கா, சயான், தாராவி வாழ்வோர் தாதரிலும், வாஷி, நெரூல் பக்கத்தார் குறுக்குப் பாதையில் தாணே வந்து அங்கும், டோம்பிவிலி, அம்பர்நாத் பக்கத்தார் கல்யாணிலும் ஏறுவது சௌகரியம். எல்லா வண்டியும் எல்லா நிலையத்திலும் நிற்பதில்லையாதலால் எந்த வண்டி என்பதைப் பெயர்கள் சேர்ந்தபின் முடிவு செய்வோம். முன்பதிவு பொதுவாகப் பயண நாளுக்கு 60 நாள் முன்பு தொடங்கும். 120 நாளாக இருந்தது 2024 நவம்பர் முதல் நாளில் பாதியாகக் குறைக்கப்பட்டது. ஒரு சீட்டில் அறுவருக்கு மேல் எழுத இயலாது. பெருங்கூட்டமாயின் சங்கத்தின் கடிதத்தோடு மொத்தப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பயணிகளின் பெயரும் வயதும் முன்கூட்டியே வேண்டும். “ஒரு பத்துப் பேர் போட்டு வையுங்கள், பெயரைப் பிறகு சொல்கிறோம்” என்பது நடவாது.

பிள்ளைகளின் கட்டணத்தில் பலருக்குக் குழப்பம் உண்டு. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டாவெனில் சீட்டே தேவையில்லை. ஐந்து முதல் பன்னிரண்டுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முன்பதிவில்லாப் பெட்டியில் அரைக் கட்டணம்; முன்பதிவு செய்த இரண்டாம் வகுப்பு இருக்கையில் முழுக் கட்டணம். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு இவ்வேறுபாடு சிறிதன்று. பெரியோர்க்கு இருந்த சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பழைய நினைவில் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கர்ஜத்திலிருந்து மேலே போகும் 28 கிலோமீட்டரைப் பிள்ளைகள் தூங்கிக் கழித்துவிடாமல் பார்த்துக்கொள்க. 37 அடி சென்றால் ஓரடி ஏறும் சரிவு. இந்நாட்டு அகலப் பாதைகளில் இது மிகக் கடியவற்றுள் ஒன்று. ஆதலின் கர்ஜத்தில் வண்டியின் பின்புறத்தில் தள்ளு எஞ்சின்களைப் பூட்டுவார்கள். அடுக்கடுக்காய் வரும் குகைகளை எண்ணச் சொன்னால் பிள்ளைகள் ஆளுக்கொரு கணக்குச் சொல்லிச் சண்டையிடுவார்கள்; அதுவே ஒரு பொழுதுபோக்கு. இம்மலைப் பாதை 1863-இல் திறக்கப்பட்டது. ஒப்பந்தம் எடுத்த சாலமன் டிரெட்வெல் 1859-இல் இந்நாட்டிற்கு வந்த சில நாட்களிலேயே இறந்துவிட, அவர் மனைவி ஆலிஸ் அவ்வேலையைத் தாம் ஏற்று, பொறியாளர்களை வைத்து முடிப்பித்தார். கணவனின் சுமையைத் தாங்கிய பெண்கள் நம் வீடுகளில் குறைவில்லையாயினும், ஒரு மலையையே தாங்கியவர் அவர்.

சனியன்று நண்பகலில் வந்து சேர்பவர்கள் மாலையில் கார்லாக் குகைக்குப் போவோம். இதை ஞாயிறுக்கு வைக்காததற்குக் காரணம் உண்டு. குகை வாயிலருகே ஏகவீரை அம்மன் கோயில் இருக்கிறது. கோளி மக்களின் குலதெய்வம். ஞாயிறுகளில் அங்கே கூட்டம் நெரியும். குகையோ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையது. மலையைக் குடைந்த பௌத்தச் சைத்தியங்களுள் இந்நாட்டிலேயே பெரியது. கூரையின் வளைவில் பொருத்திய மரச்சட்டங்களுள் பல அன்று வைத்தபடியே இன்றும் இருக்கின்றன. இதனினும் நம் மனத்தைக் கவர்வது தூண்களில் உள்ள எழுத்துகள். வைஜயந்தி ஊர் வணிகன் பூதபாலன், தேனுகாகட ஊரினர், அவர்களுள் யவனர் என்று பலரும் தந்த கொடையை அவை குறிக்கின்றன. பிற ஊர்களிலிருந்து வந்தவர் ஆளுக்கொரு தூண் கொடுத்து எழுப்பிய மண்டபம் அது. பிழைக்க வந்த ஊரில் சங்கக் கட்டடத்திற்கு நன்கொடை கேட்டு வீடுவீடாய் ஏறி இறங்கியவர்கள் அத்தூண்களைச் சற்று நின்று பார்க்கலாம்.

கார்லாவுக்குப் படிகள் மிகுதி. முழங்கால் ஒத்துழையாதவர்கள் கீழேயே இருந்துவிடலாம். அவர்களுக்குத் துணையாய் இளைஞர் இருவர் இருப்பார்கள் என்று முன்னரே ஏற்பாடு செய்கிறோம். யாரோ ஒருவர் இருந்துகொள்வார் என்று விட்டால் அந்த யாரோ ஒருவர் எப்போதும் வீட்டு மருமகளாகவே அமைந்துவிடுகிறார்.

எல்லோரும் கூடுவது ஞாயிறு காலை மளவளி நிலையத்தில். லோனாவாலாவுக்கு ஒரு நிலையம் முன்னதாக, புனே பாதையில் இருப்பது. இரவு தங்கியவர்கள் லோனாவாலாவில் லோக்கல் ஏறி அங்கே இறங்குவார்கள். புனேயார் தங்கள் வண்டியில் நேரே வந்து இறங்குவார்கள். மும்பையிலிருந்து ஞாயிறு மட்டும் வருபவர்கள் விடியற்கால வண்டியில் லோனாவாலா வந்து மாறுவார்கள். அங்கிருந்து பாஜாக் குகை நடக்கும் தொலைவே. கார்லாவினும் பழமையானது; கூட்டமும் படியும் குறைவு. ஞாயிறு மட்டும் வருபவர் பாதி விருந்து உண்டவர் என்று எவரும் எண்ணாதபடி, குடும்பங்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளுதல், பயணக் கதை சொல்லுதல், சாப்பாடு எல்லாம் அன்றுதான். சனி இரவு தங்குவோருக்குத் தனியே நிகழ்ச்சி எதுவும் கிடையாது. இளைஞர் சிலர் லோகக் கோட்டை ஏற வேண்டுமென்கிறார்கள். 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மராட்டியக் கோட்டைகளுள் அதுவும் ஒன்று. அவர்கள் சனியன்றே ஏறி இறங்கிவிட வேண்டும்.

சாப்பாட்டில் நமக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு சங்கத்தார் நடத்திய சுற்றுலாவில் மூன்று வீட்டுப் பெண்கள் இரவெல்லாம் புளியோதரை கிளறி, காலையில் இலை போட்டு, மாலையில் பாத்திரம் தேய்த்து, ஊரைப் பாராமலே திரும்பினார்கள். “எங்களுக்கு அடுப்பு மட்டும் இடம் மாறிற்று” என்றார் அவர்களுள் ஒருவர். ஆகவே ஞாயிறு நண்பகல் உணவை அவ்வூர்ச் சமையற்காரரிடமே ஒப்படைக்கிறோம். சோறு, பருப்பு, பாகரி, கத்தரிக்காய்க் கறி என்று மராட்டியச் சமையலாகத்தான் இருக்கும். சாம்பார் இல்லையே என்று கேட்பவர் வீட்டில் போய்ச் சாப்பிடலாம். திரும்பும்போது லோனாவாலாச் சிக்கி வாங்காமல் எவரும் வரப்போவதில்லை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு அது ஈடா என்னும் வழக்கை வண்டியில் வைத்துக்கொள்ளலாம்.

பணம். பொதுச்செலவுக்கு வளர்ந்தோருக்கு 200 ரூபாய். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு ஒன்றுமில்லை. இதில் உணவும் குடிநீரும் அடங்கும். தங்கும் அறைக்கு வேண்டுவோர் மட்டும் தனியே கொடுப்பார்கள். சனி இரவுகளில் அங்கே வாடகை ஏறிவிடுவதால் அறைகளைச் சேர்த்துப் பேசி முன்பே பிடிக்கிறோம். பொதுக்கணக்கையும் அறைக்கணக்கையும் எக்காரணத்தாலும் கலப்பதில்லை. யார் எவ்வளவு கொடுத்தார் என்னும் பட்டியலும் இவ்விதழில் வெளிவராது.

பொன்னாடை இல்லை, தலைவர் இல்லை, சொற்பொழிவு இல்லை. குடும்பத்திற்கு ஒருவர், தாம் போன ஓர் ஊரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசலாம். பிள்ளைகள் பேசினால் இன்னும் நன்று. இந்தியும் மராத்தியும் கலந்து பேசினாலும் எவரும் திருத்தக் கூடாது. திருத்தினால் அடுத்த முறை வாயே திறவாது அப்பிள்ளை.

திரும்பும் நேரத்திற்கு ஓர் எச்சரிக்கை. நண்பகலையொட்டிப் புனே லோக்கல்கள் அடிக்கடி இல்லை; ஆதலால் நினைத்தவுடன் புறப்பட இயலாது. மும்பைப் பக்கத்தில் ஞாயிறுகளில் தண்டவாளப் பராமரிப்புக்காக வண்டிகளை நிறுத்துவதும் மாற்றுவதும் வழக்கம். அவ்வாரத்து அறிவிப்பைப் பார்த்து வெள்ளிக்கிழமை மாலைக்குள் எல்லோருக்கும் கைப்பேசியில் தெரிவிப்போம்.

வர விரும்புவோர் செப்டம்பர் இறுதிக்குள் சங்க அலுவலகத்திலுள்ள குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொருவர் பெயர், வயது, ஏறும் நிலையம், இரண்டு நாளா ஞாயிறு மட்டுமா, முன்பதிவு வேண்டுமா வேண்டாவா, படி ஏற இயலாதவர் உண்டா என்பவற்றை எழுதினால் போதும். தையற்கடை அன்பரின் குடும்பத்துப் பெயர்கள் ஐந்தையும் நாமே முதற்பக்கத்தில் எழுதிவிட்டோம். பிள்ளைகளின் வயதை மட்டும் அவர் வந்து நிரப்ப வேண்டும்.